தொன்னைக்குப் போனில் எண் இல்லை

சிவமயம்

பாபு,

நீ நன்றாக இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். நேற்று போனில் அரை மணி நேரம் கத்தினாய். உடம்பில் பலமில்லாதவனால் அப்படிக் கத்த முடியாது. நானும் நன்றாக இருக்கிறேன். அதை நீ நம்பவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். போனில் நீ பேசுகிறாய், நான் "ம்" கொட்டுகிறேன். நான் வாயெடுத்தால் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. காகிதத்தை அப்படி நடுவில் வைக்க முடியாது. அஞ்சாவது வரைக்கும் படித்தவள், எழுத்துக்கு எழுத்து நின்று எழுதுகிறேன், நீயும் நின்று படி. மருமகள் மஞ்சுளாவும் படிக்கட்டும். நம் பிள்ளையார்பாளையத்தில், நம் தெருவில் மட்டும் நாலு வீட்டில் வெளியூரில் இருக்கிற மகன்கள் தாய்க்குப் போன் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தாய்மார் கேட்டால் அவர்களுக்கும் இதை வாசித்துக் காட்டுவேன். ஒளிக்க இதில் ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கார் எடுத்துக்கொண்டு வருகிறேன், துணிமணியைக் கட்டி வை, வீட்டைப் பூட்டிக்கொண்டு பெங்களூர் வந்துவிடு, தறியைப் பிரித்து யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றாய். நான் வரவில்லை. முதலிலேயே சொல்லிவிட்டேன், கடைசிவரை படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இல்லை. ஆனால் ஏன் வரவில்லை என்பதற்குக் கடைசிவரை படிக்கத்தான் வேண்டும். நீ சொன்ன நியாயம் இது: போனில் பார்த்தால் நான் ஒழுங்காகத்தான் சாப்பிட்டிருக்கிறேன், மாத்திரையும் வேளைக்குப் போட்டிருக்கிறேன், அப்படியும் மயங்கி விழுந்தேன் என்றால் உடம்பு தளர்ந்துவிட்டது, இனிமேல் தனியாக இருக்க லாயக்கில்லை. போன் பொய் சொல்லாது என்றாய். சரி, அது பொய் சொல்லவில்லை. நானும் பொய் சொல்லவில்லை. அப்படியும் அதில் ஓர் ஓட்டை இருந்தது. அதைத்தான் எழுத வந்தேன்.

போன தீபாவளிக்கு நீ அந்தப் போனைக் கொண்டுவந்தபோது எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியாது. கடையில் வாங்கிய போன்தான், ஆனால் அதற்குள் இருந்த சாப்பாட்டுப் புரோகிராம் என் சர்க்கரை வியாதிக்காக நீயே உட்கார்ந்து எழுதியது. இங்கிலீஷ் தெரியாத தாய்க்கு வேண்டும் என்று ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு எண் வைத்தாய். இட்லி ஒன்று, தோசை இரண்டு, சோறு மூன்று, களி நாலு, காபி ஒன்பது என்று பெரிய எழுத்தில் தமிழில் எழுதித் தறிக்கு மேலே சுவரில் ஒட்டினாய். எண்ணை அமுக்கு, எத்தனை என்று அமுக்கு, அவ்வளவுதான் என்றாய். அளவாகச் சாப்பிட்டால் பச்சை, கொஞ்சம் மிஞ்சினால் மஞ்சள், மீறினால் சிவப்பு. சாயங்காலம் ஆனால் அது தானாகவே பெங்களூருக்குப் போய் உன் போனில் நிற்கும். பக்கத்து வீட்டுச் சுலோச்சனா, இருபது வருஷமாக என்னோடு உட்கார்ந்து தெருவில் எல்லாத் தறிக்கும் பாவு பிணைக்கிறவள், அவளுக்கு வாய் சும்மா இருக்குமா? "இன்னாக்கா, ஆபீசருக்கு ரிப்போட்டு போய்ச் சேந்துச்சா?" என்று தினமும் கேட்பாள். போய்ச் சேர்ந்தது என்பேன். உன் ஆபீசில் எல்லாரிடமும் "எங்கம்மா அஞ்சாங்கிளாஸ், அவங்களே இதைத் தப்பில்லாம போடுறாங்க" என்று காட்டுகிறாய் என மஞ்சுளா சொன்னபோது, தெருக்கோடி வரைக்கும் போய் நாலு பேரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

அந்தப் போன் எனக்கு நல்லதும் செய்தது. அதை இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஒரு நாளைக்கு இரண்டு காபிதான் குடிக்கிறேன் என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன். ஒன்பதை அமுக்கிப் பார்த்தபோதுதான் ஐந்து என்று தெரிந்தது. பிணைக்க உட்கார்ந்தால் பழைய பாவின் நுனியோடு புதுப் பாவின் இழையை ஒவ்வொன்றாக முறுக்க வேண்டும், ஆயிரக்கணக்கில். நடுவில் சுலோச்சனா முறுக்குத் தட்டை நகர்த்துவாள், கை தானாகப் போகும். போகிற கையை ஒரு எண் நிறுத்தியது. காபி இரண்டாயிற்று. முறுக்கு நின்றது. இராத்திரிச் சோறு பாதியாயிற்று. நீ போனில் "சூப்பர்ம்மா, வாரம் முழுக்கப் பச்சை" என்பாய். இந்த வயதில் மகனிடம் மார்க்கு வாங்குகிற சந்தோஷம் தனி.

ஆனால் சர்க்கரை இறங்கவில்லை. மாதாமாதம் ரத்தம் கொடுத்தேன், மாதாமாதம் அது அப்படியே நின்றது. சாப்பாட்டில் குறையில்லை, அப்படியானால் மருந்து போதவில்லை என்று நீ டாக்டரிடம் போனிலேயே பேசினாய். அரை மாத்திரை ஒன்றாயிற்று. அடுத்த மாதம் காலையில் ஒன்று, இராத்திரி ஒன்று. போனில் காலை ஏழு மணிக்கு மணி அடிக்கும், உடனே போட்டுவிடுவேன். நீ சொன்னது எதையும் நான் தட்டவில்லை, பாபு. அதைக் குறித்துக்கொள்.

இப்போது கிரகணத்தன்றைக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்தது இவ்வளவு: பகலில் அம்மா மயங்கி விழுந்தாள், சுலோச்சனா ஆட்டோவில் தூக்கிப்போனாள். நடந்தது இது. அன்று பகலில் சூரிய கிரகணம். விடியும்போதே கோயில் நடை சாத்திவிட்டார்கள். இந்தத் தெருவில் யார் வீட்டிலும் அடுப்பு மூட்டவில்லை. குடத்துத் தண்ணீரில் தர்ப்பை கிள்ளிப் போட்டு மூடி வைத்தேன். ஏழு மணிக்குப் போன் அடித்தது. மாத்திரை சாப்பாடு இல்லையே, மருந்துதானே என்று போட்டுக்கொண்டேன். கிரகணத்தில் கை சும்மா இருக்க வேண்டாம் என்று பிணைக்க உட்கார்ந்தோம். பத்து மணிக்கு மேல் கை நடுங்கியது. நாற்பத்தைந்து வருஷமாக நடுங்காத கை. வழுக்காமல் இருக்கச் சாம்பல் தொட்ட விரலிலும் இழை நழுவியது, முதுகெல்லாம் வேர்த்துவிட்டது. பாவின் மேலே விழக் கூடாது என்று மட்டும் நினைவு இருந்தது. இந்தப் பக்கமாகச் சாய்ந்தேன். அடுத்து நினைவு வரும்போது சுலோச்சனா என் தலையை மடியில் வைத்துக்கொண்டு சர்க்கரைத் தண்ணீர் டம்ளரை வாயில் இடித்துக்கொண்டிருந்தாள். பல்லைக் கடித்தேன். கிரகணம் விடவில்லை என்று சைகை காட்டினேன்.

"கெரகணமாவது கத்திரிக்காயாவது, குடிக்கா," என்றாள். "வுட்டதும் தல முழுகிக்கலாம். நீ போயிட்டினா நான் ரெண்டு வாட்டி முழுவணும்."

சிரித்ததில் வாய் திறந்துகொண்டது. அவள் ஊற்றிவிட்டாள். அதனால்தான் இந்தக் கடிதத்தை நான் எழுதுகிறேன், நீ எனக்குக் காரியம் செய்துகொண்டிருக்கவில்லை.

டாக்டர் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். போனை நீட்டினேன். போன மாதக் கணக்கை முழுக்கப் பார்த்தார். இவ்வளவு குறைவாகச் சாப்பிடுகிற ஆளுக்குச் சர்க்கரை ஏன் ஏறியது, ஏறின சர்க்கரை இன்றைக்கு ஏன் இப்படி விழுந்தது என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். அப்போது சுலோச்சனா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

"அக்கா, கோயில் தொன்ன இதுல எங்க இருக்குது?"

"அத எதுக்குப் போடணும்? அது பிரசாதம்."

"பிரசாதம்னு உன் வயித்துக்கு யாருக்கா சொன்னாங்க?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். எந்தத் தொன்னை என்றார். முப்பது வருஷமாக நான் விடியற்காலையில் கோயில் பிராகாரம் பெருக்கிக் கோலம் போடுகிறேன் என்பது உனக்குத் தெரியும். காலைப் பூசை முடிந்ததும் குருக்கள் ஒரு தொன்னை நிறையப் பொங்கல் கொடுப்பார். வெள்ளிக்கிழமை சர்க்கரைப் பொங்கல், நெய் உள்ளங்கையில் வழியும். பிரதோஷத்துக்குத் தயிர்சாதமும் சுண்டலும். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கிணற்றடியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து இரண்டு இட்லி சாப்பிட்டு, ஒன்றை அமுக்கி இரண்டை அமுக்குவேன். தொன்னையை அமுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒளிக்கவில்லை, பாபு. தோன்றவில்லை. உன் பாட்டி, என் மாமியார், சஷ்டி விரதத்தில் ஆறு நாளும் பச்சைத் தண்ணீரோடு இருப்பாள். ஆனால் கோயில் பொங்கல் வந்தால் வாயில் போட்டுக்கொள்வாள். புதிதாக வந்த நான் கண்ணை விரித்தேன். "அது அவன் குடுக்கறது. நாம துன்றதுல சேராது," என்றாள். அன்றைக்கு மனதில் விழுந்தது அப்படியே கிடக்கிறது. விரதத்தையே கெடுக்காத ஒன்று போன் கணக்கைக் கெடுக்கும் என்று நான் எப்படி நினைப்பேன்? நீ ஒட்டின காகிதத்தில் இருபத்திரண்டு பண்டம் இருக்கிறது. தொன்னைக்கு எண் இல்லை. இந்த ஊரில் பிறந்து அந்தப் பொங்கலை என் கையிலிருந்து பிடுங்கித் தின்று வளர்ந்த உனக்கும் அது தோன்றவில்லையே. அதையும் கொஞ்சம் யோசி.

அப்படியும் தப்பு என்னுடையதுதான் பெரியது. தறிக்கு டிசைன் அட்டை கோத்த கை இது. அட்டையில் துளை விழாத இடத்தில் இழை எழும்பாது. ஒரே ஒரு துளை விட்டுப்போனால் புடவை முந்தி முழுக்க அத்தனை அன்னத்துக்கும் கண் இல்லாமல் போகும். அது தெரிந்தவள் துளை விட்டேன். மாத்திரையை ஏற்றினது அந்தத் தொன்னை. கிரகணத்தன்றைக்குத் தொன்னை வரவில்லை, மாத்திரை மட்டும் உள்ளே போயிற்று. விழுந்தேன். உடம்பு தளரவில்லை, வயது ஏறியதாலும் இல்லை. டாக்டர் எல்லாம் கேட்டுவிட்டு மாத்திரையைக் குறைத்து எழுதினார். விரதம், கிரகணம் எதுவானாலும் முதல் நாளே வந்து கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்றார். சரி என்றேன். தொன்னையைக் குருக்களிடம் சொல்லி நிறுத்தவில்லை. ஒரு பாக்களவு வாயில் போட்டுக்கொண்டு மிச்சத்தைச் சுலோச்சனா வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறேன். போன வாரம் ரத்தம் பார்த்தேன். இறங்கியிருக்கிறது. இதையெல்லாம் நேற்றே போனில் சொல்ல வந்தேன். நீ தறியைப் பிரிக்கிற பேச்சை எடுத்தாய். நான் காகிதத்தை எடுத்தேன்.

நீ ஏன் இப்படிப் பயப்படுகிறாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. உன் அப்பாவின் கால். தறிக்குழியில் மிதிகட்டை கீறின சின்னக் காயம், ஆறவே இல்லை, கடைசியில் அவரையே கொண்டுபோயிற்று. இதுவரைக்கும் நான் உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். டாக்டர் இனிப்பே கூடாது என்று சொன்ன பிறகும் உன் அப்பாவுக்கு வெல்லக் காபி கொடுத்துக்கொண்டிருந்தேன். "ஒரே ஒரு வாட்டிம்மே," என்று கெஞ்சுவார். அந்த முகத்தை மறுக்க எனக்குத் தெரியவில்லை. டாக்டர் கேட்டால் ஒன்றும் கொடுப்பதில்லை என்று அடித்துச் சொல்வேன். அது பொய். தொன்னை பொய் இல்லை, இது பொய். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதே. ஆனால் இதைப் படித்த பிறகு என் வார்த்தையை நீ நம்பவில்லை என்றால், அதைக் கேட்டுக்கொள்ள வேண்டியவள்தான் நான்.

இன்னொன்றும் இருக்கிறது. எழுதத் தயங்கினேன், எழுதிவிடுகிறேன். உனக்கு ஏழு எட்டு வயது. கேழ்வரகுக் களி உனக்கு ஆகாது. நான் பிணைக்கப் போயிருக்கிற நேரத்தில் உருண்டையைத் தறிக்குழிக்குள் போட்டுவிட்டுத் தின்றுவிட்டேன் என்பாய். பத்து நாள் கழித்து எலி வந்து பாவைக் கடித்துவிட்டது. உன் அப்பா ஒரு வாரமாகப் போட்ட பாவு. துடைப்பத்தால் உன்னை அடித்தேன். அடியாவது பரவாயில்லை, ஆறிப்போகும். அதற்குப் பிறகு தினமும் சோறு வைத்துவிட்டு "ஆ காட்டு" என்று வாயைத் திறக்கச் சொல்லி, கன்னத்துக்குள் விரல் விட்டுப் பார்த்து, மூச்சை மோந்து பார்த்து அனுப்பினேன். எத்தனை வருஷம்! நீ எட்டாவது போகிற வரைக்கும். உன்னோடு படித்த பையன்கள் வாசலில் நின்று பார்த்துச் சிரிப்பார்கள். ஒரு நாள் நீ வாயை மூடிக்கொண்டு நின்றாய்.

"வயிறு என்னுதும்மா," என்றாய்.

கன்னத்தில் அறைந்தேன். உனக்கு ஞாபகம் இருக்கும். இல்லை என்று நீ சொன்னாலும் நான் நம்பமாட்டேன். அன்றைக்கு நீ சொன்னது சரி. நான் செய்தது தப்பு. அதை எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று. நீ சாப்பிட்டாயா என்பதுதான் எனக்குக் கவலை என்று அப்போது நினைத்தேன். இல்லை. நீ என்னை ஏமாற்றிவிடக் கூடாது என்பதுதான் கவலையாக இருந்தது. பசியைப் பார்க்காமல் வாயைப் பார்த்தேன்.

இதை இப்போது ஏன் கிளறுகிறேன் தெரியுமா? நித்யா. போன வாரம் நீ குளிக்கப் போன நேரத்தில் உன் போனை எடுத்து என்னோடு பேசினாள். அவள் சாப்பாட்டையும் அதில் போடுகிறாயாமே. ஆறு வயதுக் குழந்தைக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு. "ஆயா, நான் சாக்லேட் சாப்ட்டா அப்பா போன் செவப்பாயிடுது. அதனால பாத்ரூம்ல போய் சாப்பிடுறேன். அப்பாகிட்ட சொல்லாத," என்றாள். சொல்லமாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன், இதோ மீறிவிட்டேன். அவளை நீ கேட்கக் கூடாது. கேட்டால் என்னைக் கேள். உங்கள் வீட்டில் தறிக்குழி இல்லை, அதனால் பாத்ரூம். அவ்வளவுதான் வித்தியாசம். அவள் பேரை அந்தப் போனிலிருந்து எடுத்துவிடு. என்ன சாப்பிட்டாய் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேள், அவள் சொல்வாள். ஒரு சாக்லேட்டைப் பாதியாகப் பிட்டு உனக்கும் கொடுப்பாள்.

இனி என் பேச்சு. போனைத் திருப்பிக் கொடுப்பேன் என்று நினைக்காதே. அது எனக்கு வேண்டும். ஐந்து காபியை அதுதான் காட்டிக் கொடுத்தது, நீயும் இல்லை, டாக்டரும் இல்லை. காலையில் எழுந்தால் அதில் எண் போடாமல் எனக்குப் பொழுது ஓடாது. நாளைக்குச் சிவப்பு வந்தாலும் நான் பார்ப்பேன், அதற்கு மறுநாள் ஒரு இட்லி குறைப்பேன். மாதத்துக்கு ஒரு தரம் டாக்டரிடம் நானே காட்டுவேன். விழுந்தால் தூக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் சுலோச்சனா இருக்கிறாள். நம் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற கதவை இப்போது பகலில் தாழ் போடுவதில்லை. பெங்களூரில் நீயும் மஞ்சுளாவும் வேலைக்குப் போனபின் விழுந்தால் யார் தூக்குவார்கள் என்று நீ யோசித்தாயா? தறியைப் பிரிக்கிற பேச்சை இந்த வீட்டில் எடுக்காதே. அதில் இப்போது புதுப் பாவு ஏறியிருக்கிறது, கிரகணத்தன்றைக்கு நழுவின இழைகளை நானே தேடிப் பிணைத்தேன். ஒன்றும் அறுந்துபோகவில்லை. வேண்டுமானால் வந்து எண்ணிப் பார்.

ஞாயிற்றுக்கிழமை வா. கண்டிப்பாக வா, நித்யாவையும் கூட்டிவா. கார் நிறைய வா, ஆனால் திரும்பும்போது அதில் எனக்கு இடம் தேடாதே. உனக்குக் களி கிண்டமாட்டேன், சோறு வைக்கிறேன், எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு போட்டுக்கொள், நான் பார்த்துக்கொண்டு நிற்கமாட்டேன். சாப்பிட்டு முடித்ததும் அந்தப் போனில் உனக்கு இரண்டு வேலை இருக்கிறது. இருபத்து மூன்றாவது எண்ணாகத் தொன்னையைச் சேர்த்துக் கொடு. சாயங்காலம் ஆனால் அது தானாகப் பெங்களூருக்குப் போகிறதே, அதை என் கண் முன்னாலேயே நிறுத்திவிட்டுப் போ. எப்படி இருக்கிறாய் என்று நீ கேள், நான் இருக்கிறபடி சொல்கிறேன். பச்சை என்றால் பச்சை, சிவப்பு என்றால் சிவப்பு. என் வாயால் சொல்வேன். வாயைத் திறந்து காட்டமாட்டேன்.

வயிறு என்னுது, பாபு.

அம்மா